‘வீ ஷல் ஓவர்கம்’ பாடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் பள்ளி ஆண்டு விழாவிலும் சமாதானக் கூட்டத்திலும் ‘நாம் வெல்வோம்’ என்று பொருள்படும் இந்த ஆங்கிலப் பாட்டைப் பாடுகிறவர்கள் நிறைய. பாடுவதில் குறை இல்லை. மைக்கில் பாட்டை அறிமுகம் செய்யும்போதுதான் தவறு நுழைகிறது.

அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் எழுதியது என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் என்பார்கள். இரண்டுமே சரியில்லை. 1900களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் கறுப்பினப் போதகர் சார்லஸ் டிண்ட்லி ‘ஒருநாள் நான் வெல்வேன்’ என்ற பொருளில் ஒரு தேவாலயப் பாட்டு எழுதினார். அதன் மெட்டு வேறு. அதையே மூலப்பாட்டு என்று அடித்துச் சொல்வதும் தவறுதான்.

நாம் விட்டுவிடவே கூடாத இடம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். அங்கே ஒரு சுருட்டுத் தொழிற்சாலையில் 1945 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1946 வசந்த காலம் வரை நீண்டது. போராடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அன்றைய மறியல் முடியும் நேரத்தில் லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி இழுத்து இழுத்து, மெதுவாக இந்தப் பாட்டைப் பாடுவார். ‘நான்’ என்றிருந்தது அங்கேதான் ‘நாம்’ ஆனது. நாளெல்லாம் இலையோடு உழைத்த பெண்கள் அவர்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்தச் சார்ல்ஸ்டன் பெண்கள் பெயரைச் சொல்லாமல் சீகர் பெயரை மட்டும் சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அவர்களிடமிருந்து டென்னசியின் ஹைலாண்டர் என்ற தொழிலாளர் பயிற்சிப் பள்ளியில் சில்பியா ஹார்ட்டன் கற்றார், அவரிடமிருந்து சீகர். 1960இல் கை கேரவன் என்ற பாடகர் அதைக் கறுப்பின உரிமைக்காகப் போராடிய மாணவர் இயக்கத்துக்குக் கொண்டுபோனார். கிங்குக்கு அது பிடித்த பாட்டு, அவ்வளவுதான்.

அடுத்த தவறு, பாட்டு வரிகளின் ஒரே வடிவத்தைச் சரி என்று பிடித்துக்கொண்டு மற்றதைத் திருத்துவது. 1950களின் இறுதியில் ஹைலாண்டரில் போலீஸ் புகுந்து விளக்குகளை அணைத்தது. அந்த இருட்டில் ஜமீலா ஜோன்ஸ் என்ற பதின்வயதுப் பெண் ‘நாங்கள் அஞ்சவில்லை’ என்று பாடினாள். அது புதுச் சரணமாக நிலைத்துவிட்டது. ஆகவே நம் பிள்ளைகள் படுக மொழியிலோ தமிழிலோ ஒரு சரணம் சேர்த்தால் தடுக்காதீர்கள். ஆனால் ‘கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து’ என்ற சரணம் இங்கே பொருந்தாது என்று வெட்டாதீர்கள். அந்தப் போராட்டமே அதில்தான் இருக்கிறது.

‘ஹம் ஹோங்கே காம்யாப்’தான் முதலில் வந்தது என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அது கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் ஆக்கிய வடிவம்.

அப்புறம் வேகம். கைதட்டல் கரோக்கி டிராக்கைப் போட்டு ஓட்டிவிடாதீர்கள். சிம்மன்ஸ் பாடியது போல ஒருமுறை மெதுவாக, பக்கவாத்தியம் இல்லாமல் பாடிப் பாருங்கள். பதிப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து பாட்டைக் கைவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் நடந்த வழக்குக்குப் பின் 2018இல் அது யாரும் பாடக்கூடிய பொதுச் சொத்து ஆகிவிட்டது.