பாலம் தாண்டி வரும் இருமலுக்கு ஒரு நோட்டு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் நான் பார்க்கும் ஷிஃப்டில் பாதிப் பேர் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருபவர்கள். மீதிப் பேர் கிராஞ்சிப் பக்கம் தங்குவிடுதியில். காய்ச்சல் இரண்டு பக்கமும் போய் வரும். கணக்கு மட்டும் அந்தந்த நாட்டோடு நின்றுவிடும். அதை வேலையிடத்திலேயே வைத்துக்கொள்ள ஒரு நோட்டு போதும்.

எதை எண்ணுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்: 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள். ஆனால் விடிவதற்கு முன்பே பனடால் (காய்ச்சல் மாத்திரை) போட்டுவிட்டு பஸ் ஏறுகிறவரிடம் கருவி 36.8தான் காட்டும். அதனால் மாத்திரைக்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். "உடம்பு எப்படி?" என்றால் "நல்லா இருக்கேண்ணே" என்பார்கள், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அலவன்ஸ் போய்விடுமோ என்ற பயம். "ராத்திரி இருமல்ல தூக்கம் போச்சா?" என்று கேளுங்கள், பேச்சு வரும். நோட்டில் பெயர் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். நேற்று எங்கே தூங்கினார், எந்த வேனில் வந்தார், எந்தத் தேதியில் ஆரம்பித்தது, இவ்வளவுதான். ஃப்ளூ தொற்றிய 1 முதல் 4 நாளில் வெளியே தெரியும். ஒரே வேனில் மூன்று பேருக்கு அடுத்தடுத்த நாளில் இருமல் என்றால், மறுநாளே அந்த வேனில் எல்லோருக்கும் முகக்கவசம், ஜன்னல் திறப்பு. அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். 80 பேரில் 4 பேர் இருமுவதும், தீபாவளி லீவில் வந்த 40 பேரில் 4 பேர் இருமுவதும் ஒன்றல்ல.

வாரத்தை ஞாயிறு முதல் சனி வரை கூட்டுங்கள். சிங்கப்பூரின் தொற்றுநோய்க் கணக்கும் அப்படித்தான். பலதுறை மருந்தகங்களுக்கு (பாலிகிளினிக்) மூச்சுத்தொற்றோடு வருகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வசதி. பொதுவாக ஆண்டு இறுதியிலும் நடுவிலும் ஏறும். அங்கே ஏறாமல் உங்கள் நோட்டில் மட்டும் ஏறினால், தங்குமிடத்தையும் வேனையும் பாருங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. காசநோயாக இருக்கலாம், அவரைத் தனியாகக் கூப்பிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஜொகூரில் தூங்குகிறவருக்கு, எப்போது ஆரம்பித்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அங்குள்ள கிளினிக்கில் காட்டட்டும்.