தலைமன்னார்ப் பக்கம் தூண்டில் போடப் போறாக்களுக்கு

வன்னியிலயிருந்து லீவுக்குத் தூண்டிலோட மன்னார் போறீங்களெண்டா முதல்ல இடத்தைப் பாருங்கோ, ஏனெண்டா தலைமன்னாருக்கு அங்கால இருக்கிற மணல்தீடையள் 2015ல இருந்து ஆதாம் பாலம் கடல் தேசியப் பூங்கா, அது வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழ, கடற்றொழில் திணைக்களத்தில விசாரிச்சது மட்டும் காணாது. போட்காரர் "ஒண்டும் செய்யமாட்டாங்கள், வாங்கோ" எண்டு சொன்னாலும் எல்லை எதெண்டு வனசீவராசிகள் ஒபிசில கேட்டிட்டுப் போங்கோ. அந்த ஊர்க் கடற்றொழில் சங்கத்திலயும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, வலை படுத்திருக்கிற இடத்தில நீங்க போய்த் தூண்டில் எறிஞ்சா சண்டைதான், நியாயமும் அவையிட பக்கம்தான்.

தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையில பின்னினது) கொண்டு போகாதேங்கோ, தடை. டைனமைற்றும் அப்பிடித்தான், கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலையை 2017ல சட்டமாவே நிப்பாட்டினது. முட்டையோட சிங்கி இறால் வந்தா உடன விடோணும். ஆமை, கடற்பசு தொடவே கூடாது.

சின்ன மீனைத் திருப்பி விடுறதெண்டா கையை நனைச்சுப் பிடியுங்கோ, காய்ஞ்ச கையெண்டா அதின்ர வழுவழுப்புப் போயிடும், பிறகு மீன் நோய் பிடிச்சுச் செத்தும் போகலாம். தூண்டில் முள்ளில இருக்கிற எதிர்முள்ளை முதலே குறட்டால நசுக்கிவிட்டா கழட்டிறது சுகம், செவுளுக்க மட்டும் விரலை விடாதேங்கோ. அறுந்த தங்கூசியை (தூண்டில் நைலோன் நூலை) கடலில எறியாமச் சுருட்டி பொக்கற்றுக்க போடுங்கோ.