வெள்ளைக் கல்லை அடையாளம் காண்பது எப்படி?

பாதையோரத்தில் கிடக்கும் வெள்ளைக் கல் வெங்கச்சாங்கல்லா (குவார்ட்ஸ்), சுண்ணாம்புக்கல்லா என்று பிரித்தறிய முடியாமல் நெடுநாள் தடுமாறிய பிறகு எனக்குக் கைவந்த முறை இது. எஃகுக் கத்தி, கண்ணாடிப் புட்டி, வினிகர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஆகியவை போதும். படம் பிடித்துப் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தோற்றத்தை மட்டுமே பார்க்கின்றன, கல்லின் நிறமோ பெரும்பாலும் ஏமாற்றுவது.

முதலில், கல்லின் புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த மேற்புறம் துருவேறியோ பாசி படிந்தோ இருக்கும். உடைக்க நேர்ந்தால், கல்லைத் துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு உடையுங்கள்.

அடுத்து லென்ஸ். மணிகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சாம்பல் நிறக் குவார்ட்ஸ், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், மினுங்கும் மைக்காச் செதில்கள் ஆகியவை கலந்து தெரிந்தால், அது நிலத்தின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகிய கிரானைட். அதே கனிமங்கள் வெளிர், கரும் பட்டைகளாகப் பிரிந்து நின்றால், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய நைஸ். தேய்த்தால் மணல் உதிருமானால் மணற்கல்.

மூன்றாவது, கடினத்தன்மைச் சோதனை. கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த 1 முதல் 10 வரையிலான கடினத்தன்மை வரிசையில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. எஃகுக் கத்தியும் கண்ணாடியும் ஏறத்தாழ 5.5. ஆகவே கத்தி கால்சைட்டைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது. நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். வெங்கச்சாங்கல்லின் மீது கத்தியை இழுத்தபோது சாம்பல் நிறக் கோடு ஒன்று தெளிவாக விழுந்ததால், கல் கீறப்பட்டுவிட்டது என்று முடிவு செய்து, பல கற்களைச் சுண்ணாம்புக்கல் என்று குறித்து வைத்தேன். உண்மையில் கல் கத்தியைத் தேய்த்து எடுத்த உலோகத் தூளே அந்தக் கோடு. ஈர விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: கோடு மறைந்தால் உலோகம், நகம் தட்டும் பள்ளம் இருந்தால் கீறல். ஐயம் நீங்காவிட்டால் கல்லின் முனையால் புட்டியைக் கீறுங்கள்; கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது கால்சைட் அல்ல. புட்டியைக் கையில் பிடிக்காமல் மேசைமீது கிடத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒரு சொட்டு வினிகர். நுரைத்தால் கால்சைட் உண்டு. வெளியேறும் குமிழிகள் கரியமில வாயு. வினிகரின் வினை மெதுவானது என்பதால் லென்ஸ் வழியே ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லைப் போன்ற டோலமைட் என்றால் கத்தியால் சுரண்டிய தூளில்தான் நுரை எழும். மணற்கல்லிலும் மணிகளை ஒட்டும் பசையாகக் கால்சைட் இருக்கக்கூடும்; நுரை மணியிலிருந்து எழுகிறதா, இடுக்கிலிருந்து எழுகிறதா என்று கவனியுங்கள்.

பின்சேர்க்கை: பளபளப்பாக்கிய கறுப்பு கிரானைட் பலகையில் குவார்ட்ஸ் தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது சரியே. அந்தப் பெயரில் விற்கப்படும் கற்களில் பல, டோலரைட் அல்லது காப்ரோ எனப்படும் கருநிறத் தீப்பாறைகள். அவற்றில் குவார்ட்ஸ் அரிது. மெருகிட்ட முகத்தில் ரெசின் பூச்சும் இருக்கலாம் என்பதால், பலகையின் அடிப்புறத்தில் மெருகு ஏறாத இடத்தில் சோதியுங்கள்.