பேஸ்மேக்கர் பழுதானால் மலேசியாவில் யார்மேல் வழக்குப் போடுவது?

இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடியோ பழுதாகி உடம்பு கெட்டுப்போனால் உடனே இணையத்தில் தேடுவோம், வந்து நிற்பதெல்லாம் அமெரிக்க வழக்கறிஞர் விளம்பரம். அதை மூடிவிடுங்கள். ஜெயித்தால் மட்டும் ஃபீஸ், வரும் பணத்தில் ஒரு பங்கு என்ற பேச்சு இங்கே செல்லாது, நம் 1976 வழக்கறிஞர் தொழில் சட்டமே அதைத் தடுக்கிறது. இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே, மத்திய அரசின் கடுமையான முன் அனுமதி பெற்ற கருவிகள்மேல் போடும் பல வழக்குகளுக்கு 2008இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது.

வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கருவியை எடுத்து வேறு வைக்கப் போகிறார்கள் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனைக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: எடுக்கும் கருவியையும் அதை இதயத்தோடு இணைக்கும் வயரையும் தூக்கி எறியக் கூடாது, என் சம்மதம் இல்லாமல் கம்பெனிக்கும் அனுப்பக் கூடாது. வழக்கமாகக் கம்பெனி ஆளே வந்து பரிசோதனைக்கு என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி எதிராளி கையில் போய்ச் சேர்ந்துவிடும். கருவியின் நினைவகத்தில் இருக்கும் பதிவுகளையும், அதாவது பேட்டரி எப்போது இறங்கியது, எப்போது தேவையில்லாமல் ஷாக் அடித்தது என்பதையெல்லாம், அச்செடுத்துக் கேளுங்கள். கருவி வைத்தபோது கொடுத்த அட்டையில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பீரோவில் பூட்டியிருப்பார்கள், தேடி எடுங்கள். மருத்துவ அறிக்கைக்கும் இப்போதே மனுப் போடுங்கள். மருத்துவமனை இழுத்தடித்தால், வழக்குப் போடும் முன்பே ஆவணங்களைக் கேட்க 2012 நீதிமன்ற விதிகளில் வழி இருக்கிறது.

இன்னொன்று, கம்பெனி கருவியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது என்பதற்காகப் பதறிப்போய் எடுக்கச் சொல்லாதீர்கள். 2007இல் மெட்ரானிக் கம்பெனி தன் ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ் என்ற ஐசிடி வயரின் விற்பனையை நிறுத்தியபோது உலகம் முழுக்க சுமார் 2,68,000 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் ஒழுங்காக வேலை செய்கிற வயரை முன்கூட்டியே உருவ வேண்டாம் என்பதுதான் பொதுவான ஆலோசனை, ஏனென்றால் உருவுவதிலேயே ஆபத்து இருக்கிறது. இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் இருதய டாக்டர், வக்கீல் அல்ல.

சரி, யார்மேல் வழக்கு? தவறு கருவியிலா, டாக்டரிடமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கருவி என்றால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி கை கொடுக்கும். தயாரித்தவர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மக்கள் பொதுவாக எதிர்பார்க்கும் பாதுகாப்பு அந்தப் பொருளில் இல்லை, அதனால் காயம் வந்தது என்று காட்டினால் போதும். உங்கள் கருவி வெளிநாட்டில் செய்யப்பட்டிருந்தால், மலேசியாவுக்கு இறக்குமதி செய்தவரும் பொறுப்பு என்று 68ஆம் பிரிவு சொல்வதுதான் நமக்குப் பெரிய உதவி. கம்பெனியைத் தேடி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் வரைக்கும் போய் வழக்குப் போட வேண்டாம். இறக்குமதியாளர் யார் என்று தெரியாவிட்டால், கருவியை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் அவர் சொல்லாவிட்டால் பொறுப்பு அவர் தலையிலேயே விழலாம். ஆனால் கருவியை விநியோகித்த காலத்து விஞ்ஞான அறிவால் அந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு, பெரிய சண்டையே அங்கேதான் நடக்கும்.

என்னிடம் இருக்கும் கருவியே பழுது என்று நிரூபிக்க வேண்டுமா, அந்த வகையே சந்தேகத்துக்குரியது என்றால் போதாதா? 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பேஸ்மேக்கர், ஐசிடி சம்பந்தப்பட்ட ஒரு ஜெர்மன் வழக்கில், போதும் என்றது. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்தின் இந்தப் பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் அதே வகைச் சட்டத்தின் சாயலில் எழுதப்பட்டது, ஆகவே உங்கள் வக்கீல் அதை எடுத்து வைக்கலாம்.

டாக்டர்மேல் என்றால் கதை வேறு. மருத்துவச் சேவையைப் பயனீட்டாளர் சட்டம் தொடாது, கவனக்குறைவு வழக்குத்தான். ஆபத்துகளை முன்கூட்டிச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்றால், 2006 இறுதியில் வந்த ஃபெடரல் நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் பக்கம் பேசும்.

பயனீட்டாளர் டிரிபியூனலுக்குப் போய் அலையாதீர்கள், உடல் காயமும் மரணமும் அங்கே எடுபடாது. பத்து லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

காலக்கெடு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீபகற்பத்தில் பொதுவாக 6 ஆண்டு. ஆனால் அரசு மருத்துவமனைமேல் என்றால் 36 மாதம்தான். நோயாளி இறந்துவிட்டால், குடும்பத்தார் தங்கள் இழப்புக்காகப் போடும் வழக்குக்கு மரண நாளிலிருந்து 3 ஆண்டு. பின்னால் தெரிய வந்த சேதத்துக்குக் கூடுதல் அவகாசம் தரும் திருத்தம் 2019இல் அமலுக்கு வந்தது உண்மைதான், ஆனால் உடல் காய வழக்குகளுக்கு அது பொருந்தாது.

இதற்கிடையில் மருத்துவச் சாதன ஆணையத்திடம் புகார் கொடுங்கள். நஷ்டஈடு அவர்கள் வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் சம்பவம் பதிவாகும். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், கம்பெனி புதுக் கருவி இலவசம், கொஞ்சம் ஆஸ்பத்திரிச் செலவும் தருகிறோம் என்று ஒரு தாளை நீட்டலாம். கருவியை வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தாளில் 'முழுமையான இறுதித் தீர்வு' என்று எங்காவது இருந்தால் வக்கீல் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.