யுத்தத்தைத் தொடங்கிய நாடு எது? விடை எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். முதலாம் உலக யுத்தத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "ஜேர்மனி, சேர்" என்கிறது. அந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் என்று கேட்டால் சத்தம் அடங்கிவிடும்.

பெரிய தவறு, நாட்டை ஒரு ஆளாக்குவது. "ஜேர்மனி ஆசைப்பட்டது", "ஒஸ்திரியா கோபப்பட்டது" என்று எழுதுகிறார்கள். 1914 ஜூலைக் கடைசியில் பேர்லின் தெருக்களில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் திரளாக யுத்தத்துக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதே கட்சி ஓகஸ்ட் 4ஆம் திகதி பாராளுமன்றத்தில் யுத்தச் செலவுக்குக் கை உயர்த்தியது. ஒஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் தளபதி கொன்ராட் சேர்பியாவை உடனே அடிக்க வேண்டும் என்று நின்றார். ஒஸ்திரியாவோடு ஒரே பேரரசாக இருந்த ஹங்கேரியின் பிரதமர் டிசா முதலில் மறுத்து, மறுகா இணங்கினார். இதில் எவரை "நாடு" என்பது? முடிவெடுத்தவரின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். ஒரு சனத்தையே சேர்த்துக் குற்றம் சொல்லும் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த மாவட்டத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்தது, ஜூலை மாதத்தைத் தாண்டிக் குதிப்பது. சரயேவோவில் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் ஒஸ்திரியாவின் முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டைச் சுட்டது 1914 ஜூன் 28. பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது ஓகஸ்ட் 4. இடையில் 37 நாள். பொறுப்பைத் தேட வேண்டியது அந்த நாட்களுக்குள்தான். ஜூலை 5ஆம் திகதி ஜேர்மனியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், என்ன வந்தாலும் ஒஸ்திரியாவின் பக்கம் நிற்பதாக அதன் தூதரிடம் வாக்குக் கொடுத்தார். 23ஆம் திகதி ஒஸ்திரியா, கொலைக்குச் சேர்பியாவைக் குற்றம் சாட்டி, 48 மணித்தியாலக் கெடுவோடு சேர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. சேர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கியது. அந்தப் பதிலை 28ஆம் திகதி காலையில் வாசித்த வில்ஹெல்ம், இனி யுத்தத்துக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதினார். அன்றைக்கே ஒஸ்திரியா யுத்தத்தை அறிவித்துவிட்டது. நிறுத்தியிருக்கக்கூடிய கைகள் எத்தனை இருந்தன என்பது இந்த நாட்களைத் திகதி வரிசையில் வாசித்தால்தான் தெரியும்.

அறிவித்தவர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டுவதும் சரிவராது. ஜேர்மனி ரஷ்யா மீது யுத்தம் அறிவித்தது ஓகஸ்ட் 1. சேர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா தன் முழுப் படையையும் திரட்டக் கட்டளையிட்டது அதற்கு முன்பே, ஜூலை 30. அதைச் சொல்லி நடுநிலையாக இருந்த பெல்ஜியத்துக்குள் ஜேர்மனி படை அனுப்பியதை மறைக்கவும் முடியாது.

அப்புறம் வேர்சேய்ஸ் உடன்படிக்கை. யுத்தம் முடிந்தபின் 1919இல் ஜேர்மனியோடு செய்த உடன்படிக்கை அது. வென்றவர்கள் எழுதிய அதன் 231ஆம் பிரிவைத் தீர்ப்பு மாதிரி எடுத்து எழுதுகிறார்கள். இழப்புகளுக்கு ஜேர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று சொல்லி, நட்டஈடு கேட்பதற்குச் சட்ட அடிப்படை போட்ட பிரிவு அது. "குற்றம்" என்ற சொல் அதில் இல்லை. ஒஸ்திரியாவோடும் ஹங்கேரியோடும் செய்த உடன்படிக்கைகளிலும் இதே மாதிரிப் பிரிவு உண்டு.

இவ்வளவும் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்யும் தவறு வேறு: "எல்லாரிலும் பிழை" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடுவது. எல்லாரிலும் பிழை இருக்கலாம், எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு அந்த வசனத்தை எழுதினால் நான் புள்ளியே போடமாட்டேன். 1939 ஓகஸ்ட் 31 இரவு, போலந்துக்காரர் தாக்கியதாகக் காட்ட ஹிட்லரின் ஆட்களே, போலந்து எல்லையருகே ஜேர்மனியில் இருந்த கிளைவிற்ஸ் வானொலி நிலையத்தில் புகுந்து நாடகம் போட்டார்கள். விடிந்ததும் படை போலந்துக்குள் நுழைந்தது.

திகதியிலும் ஒரு பிழை வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் இன்றைக்கும் எங்கள் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். அந்த யுத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் பிள்ளைகள் 1939 செப்டெம்பர் 1 என்கிறார்கள். ஜப்பானின் பொறுப்பைக் கேட்கும் வினாவுக்கு 1937 ஜூலை 7இல், பெய்ஜிங்கை அடுத்த மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பானியப் படையும் சீனப் படையும் மோதியதில் இருந்து எழுதத் தொடங்குங்கள்.