போஸ்ட்கிரெஸ் 9.3 பட்ட பாடு: லாக் விஷயத்துல நாம செய்யக்கூடாத தப்புங்க

கோலாலம்பூர்ல ஒரு கூரியர் சிஸ்டம் போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல ஓடுதுன்னு வைங்க. ஹப் டேபிள்ல ஷா ஆலாம், செராஸ், பட்டர்வொர்த்னு கொஞ்சம் ரோதான், ஆனா ஸ்கேன் டேபிள்ல விழுற ஒவ்வொரு பார்சலும் ஃபாரின் கீ (ஒரு டேபிள் ரோ இன்னொரு டேபிள் ரோவைக் காட்டுற இணைப்பு) வழியா அந்த ரோவைத்தான் லாக் போட்டு பிடிச்சுக்குது. முன்னாடியெல்லாம் இது ஷேர் லாக் (பல பேரு சேர்ந்து பிடிக்கலாம், ஆனா ரோவை யாரும் மாத்த முடியாது), ஹப்போட ஃபோன் நம்பர மாத்தணும்னாக்கூட ஸ்கேன் டிரான்சாக்‌ஷன் முடியிற வரைக்கும் நிக்கணும். 2013 செப்டம்பர்ல வந்த போஸ்ட்கிரெஸ் 9.3-ல கீ ஷேர்னு லேசான லாக் கொண்டு வந்தாங்க, கீய (ரோவ அடையாளம் காட்டுற மதிப்ப) தொடாத அப்டேட் தடையில்லாம போகும். நல்ல ஃபீச்சர் லா, இன்னிக்கும் நாம அதைத்தான் அனுபவிக்கிறோம். ஆனா அதோட பக் 2015 நடு வரைக்கும் விடாம வந்துக்கிட்டே இருந்துச்சு.

முதல் தப்பு, "லாக் ஃபீச்சர்தானே"ன்னு லாக்க மட்டும் டெஸ்ட் பண்றது. ஒரு ரோவை நாலு பேரு பிடிச்சா அவங்க லிஸ்ட்ட மல்ட்டிஎக்ஸாக்ட்னு தனியா எழுதி வைக்கும். பழைய வெர்ஷன்ல அதுல லாக் பிடிச்சவங்க மட்டும்தான், சர்வர் விழுந்தா அந்த லிஸ்ட் வெறும் குப்பை. 9.3-ல அப்டேட் பண்ணவனும் அதே லிஸ்ட்டுக்குள்ள வந்துட்டான், அதனால கிராஷ் ஆனாலும் அது பிழைக்கணும், வேக்கும்னு சொல்ற சுத்தம் பண்ற வேலை அத ஒழுங்கா ஃப்ரீஸ் பண்ணணும் (பழைய ஐடிய ரோவுலேர்ந்து கழிச்சு விடுறது), புது வெர்ஷனுக்கு மாத்துற பிஜி அப்கிரேட் டூல் சரியா தூக்கிட்டுப் போகணும். பக் வந்ததெல்லாம் இந்த இடங்கள்லதான். தூக்கிப் போடலாம்னு இருந்த டேட்டா நிரந்தரமாச்சுன்னா, அத தொடுற கோடு அத்தனையும் திரும்பப் பாக்கணும்.

அடுத்தது கணக்கு. லிஸ்ட்டுல ஆள் சேர்க்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புது லிஸ்ட்தான். அஞ்சு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வந்து பிடிச்சா 2, 3, 4, 5ன்னு 14 மெம்பர் எழுதியாச்சு, லிஸ்ட்டுக்கு ஒண்ணுன்னு ஐடி போனது நாலுதான். அதனால ஐடி நம்பர் நிறைய மிச்சம் இருக்கும்போதே மெம்பர் இடம் தீர்ந்து, முதல்லேர்ந்து சுத்தி வந்து பழசு மேல விழுந்துடும். இதுக்கு சரியான தடுப்பு 2015 மே மாசம் 9.3.7-லதான் வந்துச்சு, அந்தத் தடுப்பு கோடு கிராஷ் ரெக்கவரி நேரத்துல ஓடும்னு யோசிக்கல போல, சில சர்வர் திரும்ப எழும்பவே இல்ல, ஜூன் 12 அன்னிக்கு 9.3.9 விட்டாங்க.

இதப் பாத்துட்டு "மைனர் அப்டேட்டே வேணாம் பாஸ்"னு ஒதுங்குறாங்க பாருங்க, அதுதான் எனக்கு எரிச்சல். பழசுல டேட்டாவே போற பக் உக்காந்திருக்கு. ரிலீஸ் நோட்ட படிச்சுட்டு, அதுல வேக்கும் ஓட்டச் சொன்னா ஓட்டிட்டு போடுங்க.

மானிட்டரிங்ல டிரான்சாக்‌ஷன் ஏஜ் மட்டும் போட்டு விட்டுடாதீங்க, மல்ட்டிஎக்ஸாக்ட் ஏஜும் (ரொம்பப் பழைய ஐடிலேர்ந்து எத்தன ஐடி தாண்டியாச்சுங்கிற கணக்கு) தனியா வேணும். தானா ஓடுற ஆட்டோவேக்கும், அந்த ஏஜ் டிஃபால்ட்டா 40 கோடி தாண்டினா கட்டாயமா கிளம்பும், யாராவது டிரான்சாக்‌ஷன திறந்து போட்டுட்டு சாப்பிடப் போயிட்டா அதுவும் பழசக் கழிக்க முடியாது.