டாலஸில் சைரன் அலறினால்

அமெரிக்காவின் டாலஸ் நகருக்குப் புதிதாகக் குடிவரும் நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள்: புயல் எச்சரிக்கை சைரன் அலறுகிறது, வானமோ தெளிவாக இருக்கிறது, என்ன செய்வது? முதலில் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத இடத்துக்குப் போய்விடுங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படிக்கு அடியில் உள்ள சின்ன அறை. அங்கே டார்ச், எல்லோருக்கும் ஷூ, பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ எப்போதும் இருக்கும்.

அப்புறம் சரிபாருங்கள். தேசிய வானிலைச் சேவை உங்கள் பகுதிக்கு டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று போனிலோ ரேடியோவிலோ தெரிந்துவிடும். பலத்த காற்றுக்கும் பெரிய ஆலங்கட்டிக்கும்கூட இங்கே சைரன் ஊதுவார்கள்.

விசாரிப்பதற்காக 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கவே அழைக்காதீர்கள். 2017 ஏப்ரல் 7 இரவு யாரோ போலி ரேடியோ சமிக்ஞை அனுப்பி நகரின் 156 சைரன்களையும் அலறவிட்டார்கள். 4,400-க்கும் மேற்பட்ட அழைப்புகள் குவிந்தன. உயிருக்குப் போராடுபவர் அந்த வரிசையில் மாட்டினால் என்ன ஆவது?

பொய் சைரன் என்று அலட்சியம் மட்டும் வேண்டாம். மிசூரி மாநிலத்தின் ஜாப்லின் நகரில் அடிக்கடி கேட்டுப் பழகிய பலர் 2011 மே 22 அன்று முதல் சைரனைப் பொருட்படுத்தவில்லை. அன்று டொர்னாடோ தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சைரன் நின்றதும் வெளியே வராதீர்கள். ஆபத்து நீங்கியதைச் சொல்லத் தனி சைரன் கிடையாது. எச்சரிக்கை முடிந்ததை ரேடியோவில் கேட்டபின் வாருங்கள்.